சக்கரவர்த்தி ஊருக்குத் திரும்பினார்

இத்தாலிய வானொலியில் சில ஆண்டுகள் ஒரு கிண்டல் விருது கொடுத்துவந்தார்கள். பெயர் ‘தங்கக் குப்பைத்தொட்டி’. அந்த ஆண்டு சீரி ஆ கால்பந்துத் தொடரில் ரசிகர்களை ரொம்பவும் ஏமாற்றிய ஆட்டக்காரர் யார் என்று நேயர்கள் வாக்களிப்பார்கள். அதை மூன்று முறை வாங்கியவர் ஒரே ஒருவர்தான். 2006, 2007, 2010: மூன்றிலும் பிரேசிலின் அட்ரியானோ.

சுமாராக ஆடுகிறவருக்கு இந்த விருது கிடைக்காது. அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அட்ரியானோ முதல் முறை குப்பைத்தொட்டி வாங்கிய அதே 2006இல்தான் ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6’ என்ற வீடியோ கேம் வந்தது. அதில் அவருடைய ஷாட்டின் பலத்துக்குக் கொடுத்திருந்த மதிப்பெண் 99. இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத பையன்கள்கூட இன்டர் மிலான் அணியைத் தேர்ந்தெடுத்து, பாதி மைதானத்திலிருந்தே பட்டனை அழுத்தி கோல் போட்டார்கள். ஒரே ஆண்டில், திரையில் அவர் அசுரர், நிஜத்தில் நகைப்புக்கிடம்.

அந்த 99 சும்மா வந்ததில்லை. 1982 பிப்ரவரி 17இல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்தவர் அட்ரியானோ லெய்த்தி ரிபெய்ரோ. வளர்ந்தது விலா க்ருசெய்ரோ என்ற ஃபவேலாவில், ஏழைகளின் குடியிருப்பில். பாட்டி வாண்டா அவரை ஃப்ளமெங்கோ கிளப்பின் பயிற்சிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். முதலில் லெஃப்ட் பேக். அந்த இடத்தில் சோபிக்கவில்லை. முன்வரிசைக்கு மாற்றிய பிறகுதான் பையன் யாரென்று தெரிந்தது. 2001இல் இன்டர் அவரை வாங்கியது. அந்த ஆகஸ்டில் மாட்ரிட் நகரின் பெர்னாபேயு அரங்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஒரு நட்பு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 19 வயதுப் பையன் இடது காலால் ஒரு ஃப்ரீ கிக் அடித்தான். பந்து போன வழியைப் பார்ப்பதற்குள் வலை ஆடியது. யார் இவன் என்று அன்று ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது.

கொஞ்ச நாள் ஃபியோரென்டினா, பிறகு பார்மா, 2004 ஜனவரியில் மறுபடி இன்டர். ரோமாபுரியை ஆண்ட ஹேட்ரியன் மன்னனுக்கு இத்தாலிய மொழியில் அட்ரியானோ என்றுதான் பெயர். ரசிகர்களுக்கு அது போதாதா? ‘சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூட்டிவிட்டார்கள்.

2004 ஜூலை 25, பெரு நாட்டின் லிமா நகரம், கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம். பிரேசில் முன்னணி நட்சத்திரங்களை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாம் வரிசை அணியோடு வந்திருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அர்ஜென்டினா 2-1 என்று முன்னே போய்விட்டது. அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்குள் ஒரு பந்து தூக்கிப் போடப்பட்டது. கும்பலுக்கு நடுவே கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அட்ரியானோ அதை வாங்கி, மேலே எழுப்பி, அது தரையைத் தொடுவதற்குள் உடம்பைத் திருப்பி இடது காலால் வெளுத்தார். 2-2. பெனால்டியில் கோப்பை பிரேசிலுக்கு. தொடரில் அவருக்கு ஏழு கோல். அதிக கோல் அடித்தவர் விருதும் அவருக்கே.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அட்ரியானோவுக்கு ஒரு போன் வந்தது. அப்பா அல்மிர் இறந்துவிட்டார், மாரடைப்பு.

விலா க்ருசெய்ரோவில் அல்மிரை மிரின்யோ என்றுதான் கூப்பிடுவார்கள். அட்ரியானோவுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஃபவேலாவில் ஒரு விருந்தில் யாரோ சுட்ட குண்டு அல்மிரின் தலையில் பாய்ந்தது. உயிர் தப்பினார். குண்டை எடுக்க வழியில்லை. அதைத் தலையில் சுமந்துகொண்டே வாழ்ந்தார். அடிக்கடி வலிப்பு வரும். அப்பா துடிப்பதைப் பார்த்து வளர்ந்த பையனுக்குக் கால்பந்து என்பது அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும் வேலை. வேலை கைகூடி, கோப்பையும் கையில் வந்தபோது வீட்டில் அவர் இல்லை.

இன்டரின் கேப்டன் ஹாவியர் ஸனெட்டி அந்தப் போன் வந்த நிமிடத்தில் அருகில் இருந்தவர். அட்ரியானோ போனைத் தூக்கி எறிந்துவிட்டு அலறியதை அவர் பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தானும் கிளப் தலைவர் மஸ்ஸிமோ மொராட்டியும் அவரைத் தம்பி போலப் பார்த்துக்கொண்டதாகவும், ஆனாலும் மன அழுத்தத்திலிருந்து மீட்க முடியவில்லை என்றும், தன் வாழ்க்கையில் தான் கண்ட பெரிய தோல்வி அதுவாக இருக்கலாம் என்றும் சொன்னார். எத்தனையோ கோப்பைகளைத் தூக்கியவர், தோல்விக் கணக்கில் ஓர் ஆட்டத்தைக்கூடச் சொல்லவில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். ஒரு போன், ஒரு மரணம், ஒரு சரிவு. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவ்வளவு கச்சிதம் இல்லை.

அப்பா போன பிறகு வந்த 2004-05 பருவத்தில்தான் அட்ரியானோ இன்டருக்காக 28 கோல் அடித்தார். 2005 ஜூனில் ஜெர்மனியில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஐந்து கோல். தங்க ஷூ, தங்கப் பந்து இரண்டும் அவருக்கே. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 4-1 என்று நொறுக்கியபோது அதில் இரண்டு அவருடையவை. ஒவ்வொரு கோலுக்கும் வானத்தைப் பார்த்து விரலை உயர்த்துவார். உள்ளே இடிந்துகொண்டிருந்தவர் வெளியே உலகத்திலேயே ஆபத்தான ஸ்ட்ரைக்கராக இருந்தார். கோல் விழுந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் பெரிதாகக் கவலை இல்லை. கோல் நின்ற பிறகுதான் ‘என்ன ஆயிற்று இவனுக்கு?’ என்று கேட்டார்கள்.

குடியும் அந்தப் போனுக்குப் பிறகு தொடங்கியதல்ல. 2024 நவம்பரில் ‘தி ப்ளேயர்ஸ் ட்ரிப்யூன்’ இணையதளத்தில் தன் ஃபவேலாவுக்கு ஒரு கடிதமாக அவர் எழுதிய கட்டுரையில் இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார். மிரின்யோ குடிக்க மாட்டார். குடியைக் கண்டாலே ஆகாது. அவருடைய அப்பாவைக் குடிதான் கொண்டுபோயிருந்தது. தெருவில் சின்னப் பையன்கள் கையில் கிளாஸைப் பார்த்தால் வாங்கித் தரையில் கொட்டிவிடுவார். 14 வயதில், ஊரே கொண்டாட்டத்தில் இருந்த ஒரு நாள், அட்ரியானோவும் ஒரு பிளாஸ்டிக் கப்பில் பீர் ஊற்றிக்கொண்டார். எங்கிருந்தோ வந்து நின்ற அப்பா போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பியது.

இன்னொரு காட்சி மிலானில். இத்தாலிக்குப் போன முதல் குளிர்காலம், கிறிஸ்துமஸ் நேரம். சக ஆட்டக்காரர் கிளாரன்ஸ் ஸீடார்ஃப் வீட்டில் விருந்து. மனம் ஒட்டாமல் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் பாட்டும் தாளமும் சிரிப்பும் கேட்டன. போனை வைத்துவிட்டு ஒரு வோட்கா பாட்டிலை எடுத்து முழுவதையும் தனியாகக் குடித்தார். அழுதபடியே சோஃபாவில் விழுந்து கிடந்தார். அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார்.

ஆக, மரணம் ஒரு பள்ளத்தைத் தோண்டியது உண்மை. மண் முன்பே நெகிழ்ந்திருந்தது. 19 வயதுப் பையனை வாங்கிய கிளப் அவன் இடது காலை வாங்கியது. மீதி உடம்பும் கூட வந்துவிட்டதை அது கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது அதைவிட மோசம். இரவெல்லாம் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போன நாட்களைப் பற்றி அட்ரியானோவே ஒரு பேட்டியில் சொன்னார். கிளப் ஆட்கள் அவரை மருத்துவ அறையில் படுக்க வைத்துவிட்டு, வெளியே நிருபர்களிடம் தசை வலி என்று சொல்லிவிடுவார்களாம். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். நம் வீடுகளிலும் குடிக்கிற அண்ணனுக்காக ஆபீசுக்குப் போன் செய்து ‘காய்ச்சல் சார்’ என்று சொல்கிற தம்பிகள் உண்டு. அந்தப் பொய் வேலையைக் காப்பாற்றுகிறது, ஆளைக் காப்பாற்றுவதில்லை.

2006 உலகக் கோப்பைக்கு ரொனால்டோ, ரொனால்டினியோ, ககா, அட்ரியானோ என்று நால்வர் கூட்டணியோடு போன பிரேசில், காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றுத் திரும்பியது. 2007 முடியும்போது இன்டர் அவரைப் பிரேசிலுக்கே அனுப்பிவைத்தது. 2008இன் முதல் பாதி சாவோ பாலோ கிளப்பில் இரவலாக. மீண்டும் மிலான். 2009 ஏப்ரலில், தேசிய அணிக்காக ஆடப் போனவர் இத்தாலிக்குத் திரும்பவேயில்லை. ஆளைக் காணோம் என்று செய்தி பரபரத்தது. கடத்திவிட்டார்கள், கும்பலோடு சேர்ந்துவிட்டார் என்றெல்லாம் கிளம்பியது. அவர் இருந்தது விலா க்ருசெய்ரோவில். சட்டையில்லாமல், வெறுங்காலோடு, தெருவோரத் திண்டில் உட்கார்ந்து பழைய சேக்காளிகளோடு டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். நிருபர்களைக் கூப்பிட்டு, ஆடுவதில் சந்தோஷம் போய்விட்டது, கொஞ்ச காலம் விலகியிருக்கப்போகிறேன் என்றார். அந்த மாதமே இன்டர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வயது 27. ஸ்ட்ரைக்கருக்குக் கால் உச்சத்தில் இருக்க வேண்டிய வயது.

‘வீணாய்ப் போனவன்’ என்று சொல்பவர்கள் அடுத்து நடந்ததைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அடுத்த மாதமே பழைய ஃப்ளமெங்கோவில் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 19 கோல். பிரேசில் லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை டியேகோ டார்டெல்லியோடு பகிர்ந்துகொண்டார். டிசம்பரில் ஃப்ளமெங்கோ சாம்பியன், 17 ஆண்டுகளுக்குப் பிறகு. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்தக் கால் வேலை செய்தது.

முழுதாகக் குணமாகிவிட்டார் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சிக்கு மட்டம் போடுவதும் இரவு விருந்துகளும் ரியோவிலும் தொடர்ந்தன. 2010 உலகக் கோப்பை அணியில் பயிற்சியாளர் துங்கா அவருக்கு இடம் தரவில்லை. பிறகு ரோமா கிளப்புக்குப் போய் ஒரு கோல்கூட அடிக்காமல் 2011 மார்ச்சில் வெளியேறினார். கொரிந்தியன்ஸில் சேர்ந்த சில வாரங்களில் குதிகால் தசைநார் அறுந்தது. அதற்குப் பிறகு 2014இல் அட்லெட்டிகோ பரனாயென்ஸ், 2016இல் மியாமி யுனைடெட் என்று சில ஆட்டங்கள், அவ்வளவுதான். தசைநார் அறுந்தபோது உடம்பால் இனி முடியாது என்று புரிந்துவிட்டது. அப்பாவின் சாவு தந்த காயத்தை எப்படிச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். எக்ஸ்ரேயில் தெரியும் முறிவுக்கு ஆறு மாத ஓய்வு கொடுக்கத் தெரிந்த தொழில் இது. மற்றதற்கு அப்போது அதனிடம் ஏற்பாடு இல்லை.

இப்போதாவது இருக்கிறதா? 2015இல் உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ வெளியிட்ட ஆய்வில், ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை வீரர்களில் 38 சதவீதம் பேரிடம் மன அழுத்தம் அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. 2023 ஜூலையில் இங்கிலாந்தின் டெலி அலி, தூக்க மாத்திரைக்கு அடிமையாகி மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் இருந்ததையும், சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமைகளையும் கேமரா முன்னால் சொன்னார். அதற்கு முந்தைய நாள்வரை அவரும் ‘திறமையைத் தொலைத்த சோம்பேறி’தான். பேட்டிக்குப் பிறகு கேலி கொஞ்சம் அடங்கியது. அட்ரியானோவின் காலத்தில் இப்படி ஒருவர் வாய் திறந்திருந்தால் தங்கக் குப்பைத்தொட்டிக்கு இன்னும் நாலு ஓட்டு கூடியிருக்கும்.

அதற்காக அவர்மீது தவறே இல்லை என்று சொல்ல முடியுமா? சம்பளம் வாங்கினார். உடன் ஆடியவர்கள் அவருக்கும் சேர்த்து ஓடினார்கள். எத்தனையோ பேர் தோளில் கைபோட்டுப் பேசிப் பார்த்தார்கள். இதை அவரும் மறுப்பதில்லை. கால்பந்து உலகத்தின் மிகப் பெரிய விரயம் நான்தான் என்று அந்தக் கடிதத்தில் தானே அறிவித்துக்கொள்கிறார். அதில் ஒரு குசும்பும் இருக்கிறது. கூடவே, நிறைவேறாத வாக்குறுதியாக, கடன்காரனாக வாழ்வது லேசல்ல என்றும் சொல்கிறார்.

யாருக்குக் கடன்? இன்டருக்காக 177 ஆட்டத்தில் 74 கோல். அந்தக் காலத்தில் கிளப் நான்கு லீக் பட்டங்களைக் கணக்கில் சேர்த்தது. பிரேசிலுக்கு 48 ஆட்டத்தில் 27 கோல், இரண்டு பெரிய கோப்பைகள். ஃப்ளமெங்கோவுக்குப் பதினேழு ஆண்டுத் தாகம் தீர்ந்தது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு நாம் ‘வீண்’ என்று சொல்வது, அவர் அடித்திருக்கக்கூடும் என்று நாமே எழுதி வைத்துக்கொண்ட கோல்களை. ரசிகர்கள் அந்த நோட்டை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. 2024 டிசம்பர் 15இல் மரக்கானா அரங்கில் அவருக்குப் பிரிவுபசார ஆட்டம் நடந்தபோது, ஒரு பக்கம் ஃப்ளமெங்கோவின் பழைய ஆட்கள், மறு பக்கம் இத்தாலி நாட்களின் நண்பர்கள். பெரிய திரையில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய மிரின்யோ தோன்றி மகனிடம் பேசினார். மகன் அழுதார்.

பாக்கி ஏதாவது இருந்தால் அது அந்த ஒருவருக்குத்தான். குடியைக் கண்டால் கிளாஸைப் பிடுங்கிக் கொட்டிய மனிதரின் பிள்ளை, அப்பாவின் மரணம் இன்றுவரை தன்னால் அவிழ்க்க முடியாத சிக்கல் என்று எழுதிய அதே கடிதத்தில் இதையும் எழுதுகிறார்: ஆமாம், ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறேன், மற்ற நாட்களிலும்தான்.