ஈரலும் நெஞ்சும்

உடலுறுப்புக்களுள் புலவர் நாவிற் பெரிதும் பயின்றது நெஞ்சே. திருவள்ளுவரும் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓரதிகாரம் வகுத்தனர். கல்லீரலுக்கோ அப்பேறு வாய்த்திலது. எனினும், வலப்பக்க விலாவின்கீழ் அமைதியாய்த் தொழில்புரியும் அவ்வுறுப்பு நலியின் நெஞ்சும் நலியும் என்பதை எந்தையாரின் நோயால் யான் அறியலானேன்.

எந்தையார் மதுவைத் தீண்டியறியாதவர். அவர்தம் வயிற்றைப் படமெடுத்து நோக்கிய மருத்துவர், ஈரலிற் கொழுப்புப் படிந்துளது என்றனர். அன்றே அவர் அத்தாளைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினர்.

"ஏனப்பா மறைக்கிறீர்கள்?" என வினவினேன்.

"ஈரல் கெட்டதென்றால், குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்றுதான் சொல்லுவார்கள், தம்பி" என்றனர்.

இப்பழிச்சொல் உலகெங்கும் உளது போலும். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்து லூட்விக் என்பாரும் அவர்தம் துணைவரும், மதுப்பழக்கம் இல்லாதாரிடத்தும் குடியர் ஈரலிற் காண்பன போன்ற மாறுதல்களைக் கண்டு, 'மது சாராத' என்னும் அடைகொடுத்து அந்நோய்க்குப் பெயரிட்டனர். ஒரு பொருளை 'இன்னது அன்று' என்றமட்டிற் கூறுதல் இலக்கணமாகுமோ? மேலும், பெயரில் நின்ற மது என்னும் சொல்லே நோயாளரை நாணச் செய்தது. ஆதலின் 2023-ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் அதனை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றம் பிறழ்தலைச் சுட்டும் புதுப்பெயர் வழங்கினர்.

அப்பிறழ்ச்சியே ஈரலையும் இதயத்தையும் பிணிக்கும் கயிறாகும். மிகையாய் உண்ட சோறும் சர்க்கரையும் ஈரலிற் கொழுப்பாகின்றன. ஈரலின் எடையில் நூற்றுக்கு 5 பங்கினும் அது மிகுமாயின் நோயாம். கொழுப்பு மிக்க ஈரல் இன்சுலினுக்கு அடங்காது சர்க்கரையைக் குருதியில் விடுகின்றது. கொழுப்பையும் அழற்சிப் பொருள்களையும் உடன்விடுக்கின்றது. இவை குருதிக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்க, இதயம் இடருறுகின்றது. இந்நோயுடையார் இறத்தற்குத் தலையாய ஏது ஈரற்கேடு அன்று. இதயக் குழாய் நோயே. இந்திய அரசினரும் 2021-ஆம் ஆண்டில் இதனை, நீரிழிவையும் இதய நோயையும் தடுக்கும் திட்டத்திற் சேர்த்தனர்.

எனவே, எந்தையார் பூட்டிவைத்தது ஈரலின் பழியன்று, நெஞ்சின் எச்சரிக்கையே. இதனை எடுத்துரைத்த பின்னர் அவர் அத்தாளுடன் சென்று இதயத்தையும் சோதித்துக்கொண்டனர். உணவை அளவாக்கி நாள்தோறும் நடக்கின்றனர். உடலெடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறையின், ஈரற் கொழுப்பும் அழற்சியும் பெரிதும் தணியும் என்பர் மருத்துவர்.

நண்பர்காள்! ஈரல்நோய் என்று கேட்ட அளவில் ஒருவரது ஒழுக்கத்தை ஐயுறாதிருப்போமாக. நம் ஐயம் அவரை நாணச் செய்யும். நாணம் நோயை மறைக்கும். மறைத்த நோய் நெஞ்சைச் சென்று தாக்கும். மருந்தினும் முற்பட அவர்க்கு நாம் அளிக்கத்தக்கது பழியாத நாவேயன்றோ!