மீண்டும் நிரம்பிய சாலை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை நம் வாசகர் பலர் கால்நடையாகவே அறிந்திருப்பர். ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில், காவியுடை அணிந்த வேளாங்கண்ணித் திருப்பயணிகள் சென்னைப் பக்கமிருந்து செபமாலை சொல்லியவாறே கெடிலத்தைக் கடந்து, வெள்ளாற்றுப் பாலமேறி, சிதம்பரத்தில் இளைப்பாறிக் கொள்ளிடம் நோக்கி நடப்பர்.

2020ஆம் ஆண்டில் அச்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 12இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவன்று, பூட்டிய கோவிலுக்குள் யாம் தனித்தே திருப்பலி நிறைவேற்றினோம். மே மாதத்தில், கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளரிடையே தொற்று காணப்பட, கடலூர் மாவட்டமே கலங்கியது. செப்டம்பர் முதல் நாள் ஆலயங்கள் திறந்தன. 2021 ஏப்ரல் 26இல் மீண்டும் அடைபட்டு, ஜூலை 5இல் திறந்தன. அவ்விரண்டு ஆண்டுகளும் வேளாங்கண்ணித் திருவிழா பக்தர் கூட்டமின்றியே நடந்தேறியது.

கதவு திறந்ததும் மக்கள் திரும்பிவிடுவர் என்றே எண்ணியிருந்தோம். இளைஞரும் சிறுவரும் வந்தனர். எந்நாளும் முன்வரிசையில் அமரும் முதியோர் சிலரைக் காணோம். தொலைக்காட்சித் திருப்பலியே போதுமென்று இருந்துவிட்டனர் போலும் எனக் கருதி, மறையுரையில் சற்றுக் கடிந்தும் பேசினோம்.

பின்னொரு நாள், சிதம்பரத்தில் நோயாளி ஒருவரைச் சந்தித்துத் திரும்பும் வழியில், அவர்களுள் ஒரு மூதாட்டியின் வீட்டுப் படியேறினோம். பாய் விரித்து அமரச் செய்தார். "ஏனம்மா கோவிலுக்கு வருவதில்லை?" என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினப்ப நாலு பேர்தான் சாமி. பூசை இல்லை, மணிகூட அடிக்கலை. நாற்பது வருசம் அந்தக் கோயிலுக்கு உழைச்ச மனுசன். எந்த மனசோட உள்ளே வர்றது?"

எம்மிடம் மறுமொழி இல்லை. அன்று அரசாணைக்குப் பணிந்தோம், அது குற்றமன்று. கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் அவ்வீட்டுக்குச் செல்லாதிருந்தோமே, அது எம் குற்றம். "மன்னியுங்கள் அம்மா" என்றோம்.

அடுத்த சனிக்கிழமை மாலை மணியடித்து, அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். அன்பியத்தார் அனைவரும் வந்திருந்தனர். மறுநாள் ஞாயிறு, மூதாட்டி தம் பழைய இடத்தில் அமர்ந்திருந்தார். பின்னர், அவ்வாறே துயருற்ற மற்ற வீடுகளையும் தேடிச் சென்றோம்.

உயிர்த்த ஆண்டவர் முதன்முறை தோன்றியபோது தோமையார் அங்கில்லை. ஏனைய சீடர் செய்தியை அவரிடம் சொன்னார்கள். எட்டாம் நாள் அவரும் அவர்களோடு இருந்தார். அன்பு வாசகரே, உங்கள் தெருவிலும் ஒரு தோமையார் இருக்கக்கூடும். அவர் வரவில்லையே என்று குறைகூறுமுன், அவர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.

2022 ஆகஸ்டில் காவியுடைகள் மீண்டும் சாலையை நிறைத்தன. அம்மூதாட்டி தம் வாசலில் மோர்ப்பானையுடன் நின்று, நடந்து வந்தோர்க்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார். யாமும் ஒரு குவளை வாங்கிப் பருகினோம்.