வாசிகசாலைச் சத்தம்

எங்கள் ஊர் வாசிகசாலையில் யாரும் வாயை மூடிக்கொண்டு வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காலையில் வரும் ஒரே வீரகேசரிப் பத்திரிகையை நாலாகப் பிரித்துவிடுவார்கள். நடுத்தாள் ஒருவரிடம் இருக்கும், விளையாட்டுப் பக்கம் பெடியன்களிடம். கண் மங்கிய கிழவர்கள் வாங்கில் சாய்ந்திருக்க, யாராவது ஒருவர் முதற்பக்கத்தை அவர்களுக்காக உரத்து வாசிப்பார். ஒரு செய்தி முடிந்ததும் தர்க்கம் தொடங்கும். ஆண்டு விழா வந்தால் அதே முற்றத்தில் கொட்டகை, நாடகம், வில்லுப்பாட்டு.

யாழ்ப்பாணப் பொது நூலகம் வேறு மாதிரி. அது பெரிய இடம், செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடக்கவேண்டும் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். 1981இல், மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் அதை எரித்தார்கள். 97,000 நூல்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நூலகம் என்ற சொல்லைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும், இறந்தவரின் பெயரைச் சொல்வதுபோல.

அந்தத் தாழ்ந்த குரலோடுதான் ரொறன்ரோவுக்கு வந்தேன். முதற் குளிர்காலத்தில் ஸ்காபறோவில் ஒரு கிளை நூலகத்துக்குள் ஒதுங்கினேன். இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவேன். தமிழ் அலுமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகத்தின் முதுகாகத் தடவிப் பார்ப்பேன். எடுப்பேன், திருப்பிக் கொடுப்பேன். பத்து வருடத்துக்கு மேல் அங்கே யாரோடும் ஒரு வசனம் முழுதாகக் கதைத்ததில்லை.

அதை மாற்றியது ஒரு மாலை. புளோர் சந்திக்குச் சற்று வடக்கே, யங் தெருவில், ரொறன்ரோ உசாத்துணை நூலகம் இருக்கிறது. 2009இல் அதன் இரண்டாம் மாடியில் ஆப்பெல் சலோன் என்ற மண்டபத்தைத் திறந்தார்கள். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் வந்து பேசும் இடம் அது. ஆனால் நுழைவு இலவசம். முன்கூட்டியே பதிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான். இலங்கையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வேலையிலிருந்து நேரே போனேன். பின்வரிசையில்தான் கதிரை கிடைத்தது.

மேடையில் இரண்டு கதிரை, நடுவில் ஒரு சின்ன மேசை, தண்ணீர். எழுத்தாளரைப் பேட்டி காண ஒருவர். வேறு ஒன்றும் இல்லை. மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை என்று போய் ஒன்பது மணிக்கு ஏற்புரைக்கு வரும் எங்கள் நூல் வெளியீடுகளுக்குப் பழகிய எனக்கு இது திகைப்பாக இருந்தது. எங்கள் விழாக்களை நான் குறைவாக நினைக்கவில்லை. உறைக்குள் காசை வைத்து முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் வாங்குகிற அந்த வரிசைதான் இங்கே எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களின் அச்சுச் செலவைச் சுமந்தது. ஆனாலும் எழுதியவரின் வாயால் ஒரு பக்கத்தையாவது கேட்காமல் வீடு திரும்புவது பெரிய இழப்பு. எங்கள் மேடைகள் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும் என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

அவர் வாசித்தார். ஆங்கில வசனத்தின் நடுவே 'ஐயோ' என்று ஒரு சொல் வந்தது. அச்சில் அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அவரோ எங்கள் அம்மம்மா சொல்வதுபோலவே கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் சட்டென்று திரும்பி, வேறு யாருக்கு விளங்கியது என்று மண்டபத்தைத் தேடினார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் தலையை ஆட்டினார்.

கேள்வி நேரத்தில் நடைபாதை ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். எழுதும்போது எந்த மொழி முதலில் காதில் விழும் என்று கேட்டேன். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆட்கள் சண்டைபிடிக்கிற இடங்களில் தமிழ்தான் முதலில் கேட்கும் என்றார் அவர். ஒரு நூலகத்துக்குள் நான் உரத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போது எனக்கு வயது நாற்பதுக்கு மேல்.

அந்த உசாத்துணை நூலகம் 1977இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் ரேமண்ட் மொரியாமா. எங்கள் ஸ்காபறோ நகர மண்டபமும் அவர் வரைந்ததுதான். வன்கூவரில் பிறந்த ஜப்பானியக் கனடியர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே, சிறுவனாக இருந்த அவரைத் தாயோடும் சகோதரிகளோடும் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதி முகாமுக்கு அனுப்பினார்கள். தகப்பனை வேறு முகாமுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள். மலை முகாமில் கிடைத்த பலகைகளைக் கொண்டு மரத்தின் மேல் மொரியாமா கட்டிய குடில்தான் அவருடைய முதற் கட்டடம். பிறந்த நாடே அந்நியன் என்று ஒதுக்கிய பிள்ளை, வளர்ந்து, யாரும் கேள்வியின்றி நுழையக்கூடிய கட்டடத்தை அதே நாட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நடுவெளியைச் சுற்றி வளைந்து ஏறும் அந்த மாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரக்குடில்தான் நினைவுக்கு வரும்.

எழுத்தாளர்களைக் கேட்க அங்கே போகவேண்டும். இசைக்கு ஸ்காபறோவில் எங்கள் கிளை நூலகமே போதும். இங்கே நூலகங்கள் இசையை ஓர் அலங்காரமாக வைத்திருக்கவில்லை. ரொறன்ரோவின் பார்க்டேல் கிளையில் 2016 முதல் நூலக அட்டையைக் காட்டி வயலினையும் கிற்றாரையும் புத்தகம்போல வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

போன மாசியில், ஒரு சனிக்கிழமை, வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. எங்கள் கிளையில் சில்லுப் பூட்டிய அலுமாரிகளைச் சுவரோரம் தள்ளி நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். சாக்சபோன் ஒன்று, ஆளுயர டபுள் பேஸ் ஒன்று, அவற்றோடு மிருதங்கத்துடன் எங்கள் பிள்ளை ஒருத்தி. பதினேழு வயது இருக்கும். கீழே சப்பாணி கட்டி இருந்து, கிண்ணத்தில் ரவையைப் பிசைந்து இடந்தலையில் வைத்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். சாக்சபோன்காரர் ஒரு சுரத்தை ஊதிப் பிடித்துக்கொண்டு நின்றார். வலந்தலை அந்தச் சுரத்துக்கு வந்து சேரும்வரை அவள் கல்லால் மெல்லத் தட்டினாள். ரவை கம்பளத்தில் சிந்தியது. பிள்ளை பதறிப்போய் நூலகர் பெண்ணைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய், அங்கே இலவசமாக அடுக்கியிருந்த தமிழ் வாரப் பத்திரிகையில் ஒன்றை எடுத்துவந்து, விரித்து, மிருதங்கத்தின் கீழே போட்டார்.

முன்வரிசையில் இரண்டு முதியவர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருக்கவேண்டும். மற்றவர் குனிந்து, மிருதங்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தலைப்புச் செய்தியை அவருக்காக வாசிக்கத் தொடங்கினார். கொஞ்சம் உரத்துத்தான் வாசித்தார். அந்தப் பிள்ளை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.