கோபால்பூரில் தை

ஜனவரி 11

விடிகாலையில் பிரம்மபூர். ரயிலில் பொட்டுத் தூக்கம் இல்லை. முதுகுப்பையின் இடது வார் தோளை அறுக்கிறது. அங்கிருந்து பஸ். கடல் கண்ணில் படும் முன்பே கருவாட்டு வாடை வந்துவிட்டது.

போன விடுதியிலெல்லாம் "தனியாகவா?" கேட்டுக் கேட்டு எரிச்சல். கடைசியில் ஓர் இடத்தில் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள். அதற்காகவே அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. மாடி அறை. சுவர் முழுக்க ஓதம். ஜன்னல் கம்பியை உப்பு தின்று பென்சில் கனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. கெய்சர் இல்லை. கேட்டால் பக்கெட்டில் வெந்நீர்.

தெருவில் பாதிக் கடை மூடிக் கிடக்கிறது. எதற்கு இங்கே வந்தேன்? நாளைக்கே பூரிக்குப் போய்விடலாம்.

அம்மாவுக்கு "வந்து சேர்ந்தேன்" என்று மட்டும் அனுப்பினேன். போன் பண்ணவில்லை.

ஜனவரி 12

ராத்திரி பூராவும் அலை. தலைமாட்டிலேயே அடிக்கிற மாதிரி.

ஆறரைக்குச் சூரியன் கடலிலிருந்தே எழுந்தது. கரையில் நானும் நாய்களும். கணுக்கால் வரை இறங்கினேன். காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது தண்ணீர். ஒரு மீனவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார், போகாதே என்று. போகவில்லை.

பழைய துறையின் தூண்கள். சுற்றிலும் இடிந்த சுவர்கள். இங்கிருந்துதான் ரங்கூனுக்குக் கப்பல். கஞ்சாம் மாவட்டத்துக் கூலியாட்கள் கூட்டம் கூட்டமாக ஏறிப் போயிருக்கிறார்கள். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். இந்த அலையைத் தாண்டி மசூலா படகில்தான் கொண்டுபோய் ஏற்றுவார்கள். சென்னையிலும் துறைமுகம் கட்டும் வரை அப்படித்தானே. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அதோடு அந்த வழி அடைபட்டது.

1936 வரை இது சென்னை மாகாணம். அங்கே நின்றபோது ஏனோ அது பெரிய விஷயமாகத் தோன்றியது. அறைக்கு வந்ததும் தோன்றவில்லை.

மத்தியானம் படுத்தேன். அடிவயிற்றில் வலி. வெந்நீர் கேட்டேன், இஞ்சி டீயும் சேர்ந்து வந்தது. காசு வாங்கவில்லை.

பூரி நாளைக்கு. போன் பண்ணவில்லை.

ஜனவரி 13

போகி. மறந்தே போயிருந்தேன். புகை வாசனையில் முழிப்பு வந்தது.

மீனவர் குப்பத்தில் தெருவுக்குத் தெரு நெருப்பு. எல்லாரும் தெலுங்குக்காரர்கள். கிழிந்த பாய், உடைந்த கூடை, ஒரு நாற்காலிக் கால். குழந்தைகள் குளிர் காய்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் சட்டைகள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. வெள்ளையில் ஏழோ எட்டோ. அங்கேயே நிற்க முடியவில்லை. வந்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பப் போனேன். கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஒன்று. ஓர் ஆணி இல்லை. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். இடுக்கில் வைக்கோல். கயிறு போன துளைகளில் விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஆணி அடித்த படகு இந்த அலையில் விட்டுப்போகும், தைத்தது வளைந்து கொடுக்கும். இப்போது எல்லாம் ஃபைபர் படகு.

நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவி "ஏ ஊரு?" என்றாள். சென்னை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "மா அப்பாயி காசிமேடு." மகன் அங்கே விசைப்படகில். பண்டிகைக்கு வரவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் ஒட்டிய கை. விடவே இல்லை.

பூரியைப் பற்றி நினைக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். இந்த வருஷம் நமக்கு இல்லை.

காலையிலிருந்தே கூட்டம். பஸ் பஸ்ஸாக வந்து கடலில் முழுக்குப் போடுகிறார்கள். பலூன், சுண்டல், ஸ்பீக்கர். செத்த ஊர் என்று நினைத்தது இதையா?

விடுதி அம்மாள் கிண்ணத்தில் மகர சாவுளா கொண்டுவந்தாள். ஊறவைத்து இடித்த புது அரிசி, தேங்காய், வாழைப்பழம், வெல்லம், கரும்புத் துண்டு. வாங்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசனை. வாங்கினேன். முழுக்கச் சாப்பிட்டேன். அப்பா ரசித்துச் சாப்பிட்டிருப்பார். வெல்லம் போட்ட எதையும் விடமாட்டார்.

அம்மாவுக்குப் போன். அக்கா வீட்டில் இருக்கிறாள். "சாப்பிட்டியா கண்ணு?" சாப்பிட்டேன் என்றேன். என்ன என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குக்கர் சத்தம் கேட்டது. போனை வைத்த பிறகு அழுதேன். பிறகு பசித்தது.

ஜனவரி 15

கரை முழுக்கத் தெர்மகோல் தட்டு. கோபமாக வந்தது. கையால் அள்ள முடிந்த வரை அள்ளினேன். ஒரு பையனும் சேர்ந்துகொண்டான். அவன் அப்பா சூரத்தில் தறி ஓட்டுகிறார். அன்றைக்கு ரங்கூன், இன்றைக்கு சூரத்.

வடக்கே நடந்தேன். தாழைப் புதர்கள், பூ இல்லை. அத்தர் வடிக்கும் தாழம்பூ பெரும்பாலும் இந்த மாவட்டத்தில்தான். சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. கண்கள் இல்லை. அடுத்த மாதம் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட ஏறும். அதற்காகவே நவம்பரிலிருந்து மே வரை அங்கே மீன்பிடிக்கத் தடை. இது எந்த வலையில் மாட்டியதோ. செருப்பு வார் கடித்துக் காலில் கொப்புளம்.

சாயங்காலம் கலங்கரை விளக்கம், 1871-இல் கட்டியது. மேலிருந்து எல்லாம் தெரிகிறது. கூரையில்லாத பங்களாக்கள், பாம் பீச் ஓட்டல். 1914-இல் ஓர் இத்தாலியர் தொடங்கியது, பிறகு ஓபராய், இப்போது மேஃபேர். அதன் ஒரு நாள் வாடகையில் நான் பல நாள் இருக்கலாம். வடக்கே புதுத் துறைமுகம். இந்தப் பக்கம் குப்பத்தின் அடுப்புப் புகை.

விடுதி அம்மாள் ஃபைலின் புயலைச் சொன்னாள். 2013, அக்டோபர் 12 ராத்திரி. இந்த ஊர்ப் பக்கம்தான் கரையேறியது, 200 கிலோமீட்டர் வேகக் காற்று. பத்து லட்சம் பேரை முன்கூட்டியே கிளப்பியதால் உயிர்கள் தப்பின. 1999 புயலில் பத்தாயிரம் பேர் போனார்கள். ஃபைலின் ஓய்ந்து அவள் திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லையாம். "வேறு எங்கே போவது? இதுதான் வீடு" என்றாள்.

ஜனவரி 16

நன்றாகத் தூங்கினேன். அலை கேட்கவே இல்லை.

இங்கே வருகிறவர்கள் இடிந்த பங்களாவைப் படம் எடுத்துக்கொண்டு, பாவம், வாழ்ந்து கெட்ட ஊர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கெட்டது ஓய்வெடுக்க வந்தவர்களின் ஊர். வலை இழுக்கிறவர்களின் ஊர் ஒரு நாளும் நிற்கவில்லை. கிழவியிடம் அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன். விலை சொல்ல மறுத்தாள். கையில் திணித்துவிட்டு வந்தேன்.

அம்மா அவளாகவே போன் பண்ணினாள். "சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடட்டுமா?" வேண்டாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, ரெண்டு வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடும்மா என்றேன்.

தலைதிவசம் முடிந்ததும் இங்கே வா, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்றேன். முழங்காலை வைத்துக்கொண்டு மாடி ஏற முடியாதே என்றாள்.

கேட்டுவிட்டேன். கீழே ஓர் அறை இருக்கிறது. நாளுக்கு அறுநூறு ரூபாய்.