வைக்கோலுக்காக ஒரு வார்த்தை

நெல்லைப் பற்றிப் பேச நம் நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. அதன் விலையைப் பற்றிச் சட்டசபையில் விவாதிப்பார்கள். ருசியைப் பற்றிப் பந்தியில் விவாதிப்பார்கள். பாவம், வைக்கோலுக்காகப் பரிந்து பேசத்தான் ஒருவரும் இல்லை. ஆகவே அந்தக் கைங்கரியத்தை நான் மேற்கொள்கிறேன்.

காவிரிப் பாசனத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் நிலம் உண்டு. எங்கள் தகப்பனார் காலத்தில் அரிவாளால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைக் கொல்லையில் போராகப் போடுவார்கள். அதை மாடு தின்னும். சாணம் குப்பைக்குழிக்குப் போகும். கோடையில் வண்டியேறி வயலுக்கே வந்து சேரும். வாசல் வழியாகப் போனது கொல்லை வழியாகத் திரும்பிவிடும். இன்றோ அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வருகிறது. அதன் பின்னால் லாரி. தொழுவத்தில் மாடு இல்லை. போனது போனதுதான்.

சென்ற தை அறுவடையின்போது, சாகுபடியைக் கவனித்துக்கொள்ளும் என் தம்பி, "அண்ணா, வியாபாரி முழு வைக்கோலையும் எடுத்துக்கொள்கிறாராம். அந்தப் பணம் வந்தால் கடன் தவணையைக் கட்டிவிடலாம்" என்றான். நியாயமான பேச்சு. பட்டணத்தில் சம்பளம் வாங்குகிறவன் அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனாலும் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ வரையிலும், சாம்பல் சத்து 12 முதல் 17 கிலோ வரையிலும் இருக்கிறது. பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. ஏக்கருக்கு 2 டன் என்று வைத்துக்கொண்டால், லாரியில் ஏறுவது சுமார் ஒரு மூட்டைப் பொட்டாஷ் உரத்துக்குச் சமானம். அந்தப் பொட்டாஷையோ நம் தேசம் அநேகமாய் முழுவதும் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது! மூட்டையில் கிடைக்காத பொருள் ஒன்றும் கூடவே போகிறது. அதுதான் மக்கு. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மண்புழுவுக்குச் சோறு போடுவதும் அதுவே.

அப்படியானால் வைக்கோலைத் தொடவே கூடாதா? வைக்கோற்போர் நாய் என்ற பெயர் எனக்கு வேண்டாம். பிறர் வீட்டு மாட்டுக்கும் தீனி வேண்டும். மேலும், இயந்திரம் கொட்டிய வைக்கோல் கனமாகக் கிடந்தால், அறுவடைக்கு முன்பே தெளித்த உளுந்து அதனடியில் மூச்சு முட்டிப் போகும். வைக்கோலை மடக்கி உழுத கையோடு நாற்று நட்டாலும் பயிர் வெளிறும். மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வதே காரணம். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பொறுக்க அவகாசமில்லாத பஞ்சாப் விவசாயிகள் பலர் தாளுக்குத் தீ வைக்கிறார்கள்; தழைச்சத்து அநேகமாய் முழுவதும் புகையோடு போய்விடுகிறது.

முடிவில் அண்ணனும் தம்பியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். தாளைச் சற்று உயரமாக விட்டு அறுப்பது. வைக்கோலில் பாதியை விற்பது. மீதியை வயலெங்கும் மெல்லியதாக உதறிப் பரப்புவது. தவணையில் குறைந்த தொகையை நான் கொடுத்தேன். மண்ணுக்காக வாதாடுகிறவன் அதற்குண்டான செலவையும் ஏற்க வேண்டாமா?

கன்றை இழந்த பசுவிடம் வைக்கோல் கன்றைக் காட்டிப் பால் கறப்பதுண்டு. அந்த வைக்கோலைக்கூடக் கொடாமல் மண்ணிடம் எத்தனை போகம் கறக்க முடியும்?