நான்கு பேருக்கு ஒரு பலகை

"எந்தக் காய்ச்சலுக்கடி பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கிறார்கள்?"

"நாளை முதல் வகுப்பில் எங்களுக்கு டேப்லெட் தருகிறார்கள்" என்று வீட்டில் சொன்னபோது, எங்களில் ஒருத்தியின் பாட்டி கேட்ட கேள்வி இது. மறுநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்களிடமும் ஒரு நோய் இருந்தது என்பது காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று.

எங்கள் வகுப்பில் 48 பேர். வந்த டேப்லெட்டுகளோ 12. ஆகவே நான்கு பேருக்கு ஒன்று. நாங்கள் மூன்றாம் குழு. கணக்கு சிஸ்டர் முதல் நாள் ஜியோஜீப்ரா என்னும் செயலியைத் திறக்கச் சொன்னார்கள். ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-ல் உருவாக்கத் தொடங்கியது அது. மாணவருக்கு இலவசம்.

அன்றைய பாடம், அரைவட்டத்தில் அமையும் கோணம். முன்பெல்லாம் கவராயத்தால் வட்டம் வரைந்து பாகைமானியால் அளப்போம். ஒருத்திக்கு 89 வரும், இன்னொருத்திக்கு 91 வரும். இப்போதோ, பரிதியிலுள்ள புள்ளியை விரலால் இழுத்துக்கொண்டே போனோம். முக்கோணம் நெளிந்தது, சாய்ந்தது, ஒல்லியாயிற்று. கோணம் மட்டும் 90 பாகையிலேயே நின்றது!

"அசையவே இல்லை, சிஸ்டர்!" என்று கூவினோம்.

"கண்ணால் பார்த்தது போதாது, பிள்ளைகளா. ஏன் அசையவில்லை?" என்றார்கள் சிஸ்டர்.

மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தால், இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு கோணங்கள் சமம். பெரிய முக்கோணத்தின் மொத்தம் 180 பாகை. அதில் பாதி, பரிதியில் உள்ள கோணம். எனவே 90. இதைச் சிஸ்டர் விளக்கினார்கள். நாங்கள் தலையாட்டினோம்.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஐந்து கேள்விகள் டேப்லெட்டில் வரும். விடைகளைத் தட்டியதும், எத்தனை குழுக்கள் எந்த விடை தந்தன என்பது கட்டை கட்டையாகத் திரையில் எழும். தவறியவர் பெயர் வராது. அது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஐந்துக்கு ஐந்து பெறும் குழுவுக்குக் கைதட்டல் உண்டு. மூன்றாம் குழு பெறாத கைதட்டல் இல்லை எனலாம்.

அந்தக் கைதட்டலில்தான் நோய் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்த நான்காமவள் எட்டி எட்டிப் பார்ப்பாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். அவள் விரலை நீட்டினால், "நீ தொடாதே, நேரம் போய்விடும்" என்போம். அவளும் விரலை மடக்கிக்கொள்வாள். காலாண்டுத் தேர்வில் அதே அரைவட்டக் கணக்கு வந்தது. அவள் அதை வெறுமனே விட்டிருந்தாள். கணக்கில் தேறவில்லை. விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியச் சாப்பாடு எங்களுக்கு இறங்கவில்லை.

மூவரும் போய்ச் சிஸ்டரிடம் உள்ளதைச் சொன்னோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. ஒரு வரலாறு சொன்னார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். தெரிந்த சிறுவனையே தெரியாத சிறுவனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது பிறநாடுகளிலும் பரவிற்று.

"மணலாயிருந்தால் என்ன, கண்ணாடியாயிருந்தால் என்ன? யாருடைய விரல் படுகிறதோ அவளுக்குத்தான் பாடம்" என்றார்கள்.

மறுநாள் எல்லாக் குழுக்களுக்கும் புதிய விதி வந்தது. பலகையைப் பிடிப்பவள் விடை சொல்லக்கூடாது. விடை சொல்பவள் பலகையைத் தொடக்கூடாது. கேள்விக்குக் கேள்வி ஆள் மாறவேண்டும். "ஏன்?" என்று நால்வரில் யாரைக் கேட்டாலும் பதில் வரவேண்டும்.

எங்கள் மதிப்பெண் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கிற்று. கைதட்டல் நின்றது. மெய்யாகவே வருந்தினோம். ஆனால் இடைவேளையிலும் நால்வரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம்.

ஒருநாள் மின்சாரம் இல்லை. பெரிய திரை இருண்டு கிடந்தது. "யார் கரும்பலகையில் வரைவது?" என்றார்கள் சிஸ்டர். ஓரத்து பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டாள், ஆரம் வரைந்தாள், காரணத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நூறு முறை அந்தப் புள்ளியை இழுத்த எங்களுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்திராது. அன்று வகுப்பே கைதட்டிற்று.

அரையாண்டில் அவள் 58 மதிப்பெண் பெற்றுத் தேறினாள். மன்னிப்புக் கேட்டோம். "நீங்க விரலை எடுத்த அன்னைக்குத்தாண்டி எனக்குக் கணக்குப் புரிஞ்சது" என்று சிரித்தாள். இக்கட்டுரையில் வட்டத்தைப் பற்றி நாங்கள் எழுதியதில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்தித் தந்தவளும் அவளே.

தங்கைகளே! அடுத்த ஆண்டு இந்தப் பலகைகள் உங்கள் கைக்கு வரும். மூலையில் ஒரு கீறல் உள்ளது எங்களுடையது. அதைப் பெறும் குழு, பெஞ்சின் ஓரத்தில் இருப்பவளிடம் முதலில் கொடுக்கட்டும்.

— மூன்றாம் குழுவில் மூவர்,
ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு