ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி பாதை

கடல் கடந்த மடல் – பாரிஸ் புறநகரிலிருந்து

அன்புள்ள பாகூர், வில்லியனூர் உறவுகளுக்கு,

தை பிறந்துவிட்டால் ஊரிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வீட்டு பிளான்கள் வரத் தொடங்கிவிடும். அக்கா மகன் மனை வாங்கியிருப்பான். சித்தப்பா வீட்டுத் தம்பி பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு போடப்போவான். "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்பார்கள். பார்க்கிறேன். வாசலில் கார் நிறுத்த இடம், அக்கினி மூலையில் சமையல், பூஜை அறை, மாடியில் இரண்டு படுக்கையறை, இரண்டுக்கும் அட்டாச்டு பாத்ரூம் எல்லாம் இருக்கின்றன. அந்த வீட்டில் இருக்கப்போகும் எழுபது வயது அம்மா எங்கே படுப்பார், நடு இரவில் எழுந்தால் எந்தக் கழிப்பறைக்குப் போவார், அதற்கு எத்தனை படி ஏறி இறங்குவார் என்பதற்கு மட்டும் பிளானில் விடை இருக்காது.

இந்த மடலை அந்த அம்மாவுக்காக எழுதுகிறேன். பிள்ளைகள் பாரிசிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, ஊர்வீட்டில் வயதான தாய் தகப்பன் மட்டும் இருப்பது நம் கிராமங்களில் இன்று சாதாரணம். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளிடம் போய் இருக்க விரும்புவதில்லை. முதியோர் இல்லத்துக்கோ போகவே மாட்டார்கள். பழகிய தெருவில், பழகிய வீட்டில் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்கு அன்பான பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் இருந்தால் மட்டும் போதாது. வீடும் இடம் கொடுக்க வேண்டும்.

வாசலிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 2016-ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்டது. வீட்டின் அடித்தளம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது அது. நம் கணக்கில் ஒன்றரை அடி. அதே தொகுப்பு, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி ஏற வேண்டுமானால் 18 அடி. இருபதுக்கு அறுபது மனையில் வாசலுக்கு முன்னால் 18 அடியை யார் விடுவார்கள்? அதனால் இரண்டு மூன்று படி வைத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறோம். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்று பயந்து, இப்போது பலர் பேஸ்மட்டத்தையே மூன்றடி தூக்குகிறார்கள். அதற்குச் சாய்தளம் போட 36 அடி வேண்டும்.

உயரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையின் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூரில் சங்கராபரணி கரையோரம் இருப்பவர்களுக்கும் வெள்ளம் தெரியும். நம் மண்ணில் வீடு உயர்ந்துதான் நிற்க வேண்டும். ஆனால் வெள்ளம் வருவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. அம்மா படி இறங்குவது தினமும். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

வழி இருக்கிறது. சாய்தளம் வாசலுக்கு நேரே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கச் சந்து அகலமாக இருந்தால் சுவரையொட்டிப் போய், நடுவே ஒரு தட்டையான தளத்தில் திரும்பி, பக்கக் கதவுக்கோ கொல்லைக் கதவுக்கோ சேரலாம். வீட்டுக்கு வெளியே மனையையே அரையடி மண் கொட்டி உயர்த்தினால் ஏற வேண்டிய உயரம் குறையும். எதற்கும் இடமில்லை என்றால் படியைத்தான் திருத்த வேண்டும். வீட்டு மாடிப்படிக்கே விதித்தொகுப்பு தரும் எல்லை, ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது. நம் வாசற்படிகள் பல எட்டு ஒன்பது அங்குல உயரத்தில் இருக்கின்றன. ஆறங்குல உயரம், ஓரடி அகலம் என்று படியைப் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தால் மூட்டுவலி உள்ளவர்களும் இன்னும் பல ஆண்டுகள் தாங்களாகவே தெருவுக்கு வந்து போவார்கள்.

வாசலைவிட எனக்குக் கவலை கழிப்பறைதான். கீழே விழுவதுதான் முதியவர்களின் பெரும் பகை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகுதியானோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். நம் ஊர்களில் கழிப்பறை கொல்லையில் இருக்கும். செப்டிக் டேங்குக்குக் குழாய் சரிய வேண்டுமென்று அதன் தளத்தை இரண்டு மூன்று படி உயர்த்தியிருப்பார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, விளக்கும் மங்கலாக இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாத முழங்காலோடு, ஈரத் தரையில், இருட்டில் போகப் பயந்து, பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெரியம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாகம் நோயினால் வந்ததல்ல. நாம் கட்டிய சுவரும் படியும் கொடுத்தது.

இதைச் சரியாகக் கட்ட அதிகச் செலவில்லை. கீழ்த்தளத்தில், படுக்கையறைக்குப் பக்கத்தில், ஒரு கழிப்பறை இருக்க வேண்டும். பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்புவதற்கு முன்பே குழாயைப் போட்டுவிட்டால் தளத்தை உயர்த்த வேண்டியதில்லை. ஒன்றரை அடிக்குள் சரிவு தாராளமாகக் கிடைக்கும். உள்ளே ஒரு பக்கம் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி வட்டம் வேண்டும். கதவு இரண்டரை அடி போதாது, மூன்றடி வேண்டும். அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கிடப்பவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உடைத்துத்தான் அவரைத் தூக்க முடியும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும். கோப்பையின் உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. பக்கச் சுவரில் நாலு செ.மீ. கனத்தில் ஒரு கைப்பிடி, விரல் நுழைய ஐந்து செ.மீ. இடைவெளியோடு வேண்டும். பூச்சு வேலைக்கு முன்பே அந்த இடத்தில் கான்கிரீட் வைத்துவிடச் சொல்லுங்கள். வெறும் பூச்சில் திருகிய கம்பி ஓர் ஆளின் முழு எடையைத் தாங்காது. பிடித்த கையோடு பெயர்ந்து வரும். வழுக்காத டைல்ஸ் போடுங்கள். குளிக்கும் இடத்துக்கும் அறைக்கும் நடுவே கட்டை வைக்காமல் தரைச் சரிவாலேயே தண்ணீரை வெளியேற்றுங்கள்.

சட்டம் இதையெல்லாம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரியில் 2012-ஆம் ஆண்டின் கட்டிடத் துணைவிதிகள் இருக்கின்றன. பிளான் ஒப்புதலுக்குப் போனால் முன்னால் எவ்வளவு இடம் விட்டீர்கள், பக்கத்தில் எவ்வளவு, மழைநீர் சேகரிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். தேசியத் தொகுப்பில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அளவுகளுக்குத் தனி இணைப்பே இருக்கிறது. ஆனால் அத்தொகுப்பு தானாகச் சட்டமாகிவிடாது. அந்தந்த அரசு தன் விதியில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். அதன் கீழ் வந்த விதி வெறும் பரிந்துரையாக நின்றது என்று சொல்லி, 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கி, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொன்னது. மகிழ்ச்சியான தீர்ப்பு. ஆனாலும் அதன் பார்வை பொதுமக்கள் வந்துபோகும் கட்டிடங்கள் மேல்தான். பாகூரில் ஒருவர் தன் மனையில் தன் அம்மாவோடு இருக்கக் கட்டும் வீட்டுக்குள் அது வராது.

நான் வாழும் பிரான்சிலும் சட்டம் முழுவதுமாக வீட்டுக்குள் வந்துவிடவில்லை. 2003 ஆகஸ்டில் இங்கே அடித்த வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பலர் தனியாக வீட்டில் இருந்தவர்கள். நாடே அதிர்ந்தது. 2004-ல் வந்த சட்டம் ஒவ்வொரு கொம்யூனும், அதாவது உள்ளாட்சியும், தன் எல்லையில் தனித்து வாழும் முதியோரின் பதிவேட்டை வைத்திருக்கச் சொன்னது. முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதல் கூலியில்லாமல் உழைக்க நாட்டைக் கேட்டது. அந்த நாள் இன்றும் தொடர்கிறது. 2021 முதல், புதிய அடுக்ககங்களின் தரைத்தள வீடுகளில் குளிக்குமிடம் தரைமட்டத்திலேயே அமையும்படி கட்டுவது கட்டாயமாகி, பிறகு லிப்ட் போகும் மாடிகளுக்கும் விரிந்தது. அதே நாடுதான் 2018-ல், புது அடுக்ககங்களில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் முழுத் தகுதியோடு இருந்தால் போதும், மற்றவை பின்னால் மாற்றத்தக்கவையாக இருக்கட்டும் என்று விதியைத் தளர்த்தியது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. ஒருவர் தனக்கென்று கட்டிக்கொள்ளும் தனிவீட்டுக்கோ இங்கும் இந்த விதிகள் இல்லை.

அந்த இடைவெளியை பிரான்ஸ் பணத்தால் அடைக்கப் பார்க்கிறது. 2024 ஜனவரி முதல் மா பிரிம் அதாப்த் என்ற உதவி இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்கள் குளியலறையை மாற்ற, கைப்பிடி வைக்க, படிக்கட்டுக்கு இயந்திர நாற்காலி போட, 22,000 யூரோ வரையிலான வேலைக்குச் செலவில் பாதியோ, இன்னும் ஏழைகளென்றால் 70 சதவீதமோ கிடைக்கும். சிங்கப்பூரில் 2012-லேயே வீட்டுவசதி வாரியம் ஈஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கழிப்பறைக் கைப்பிடி, வழுக்காத தரை, வாசலில் சிறு சாய்தளம் ஆகியவற்றை முதியோர் சிறு தொகை மட்டும் கட்டிப் பெறலாம். பெரும்பங்கை அரசு ஏற்கிறது. இரண்டு நாடுகளிலும் கணக்கு ஒன்றுதான். இடுப்பெலும்பு முறிந்த ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவைவிடக் கைப்பிடி மலிவு.

நம் புதுச்சேரியால் இதைச் செய்ய முடியாதா? முடியும். குடிசைகளைக் கல்வீடாக்கப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் வீடு கட்டும் திட்டம் நம்மிடம் இருக்கிறது. பணம் தவணை தவணையாகத் தரப்படுகிறது. கீழ்த்தளத்தில் படியில்லாத ஒரு கழிப்பறை, மூன்றடிக் கதவு, ஒரு கைப்பிடி ஆகிய மூன்றையும் கடைசித் தவணைக்கு நிபந்தனையாக வைத்து, அவற்றுக்கான கூடுதல் செலவையும் அரசே சேர்த்துக் கொடுக்கலாம். முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பெயர்ப் பட்டியல் அரசிடம் இருக்கிறது. அவர்களில் தனித்து வாழ்பவர் யார், யார் வீட்டில் கழிப்பறை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று கொம்யூன் பஞ்சாயத்து ஒரு முறை வீடு வீடாகப் பார்த்து எழுதலாம். புயல் வரும் இரவில் யாரை முதலில் தூக்க வேண்டும் என்பதற்கும் அதே ஏடு உதவும்.

இதைக் கேட்பதற்கு நமக்கு வாய் குறைந்திருக்கிறது என்பது என் வருத்தம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 2006-ல் நடந்தது. 2011-ல் அந்த உறுப்பினர்களின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே கொம்யூன்களை நடத்தினார்கள். அம்மாவின் படிக்கட்டைப் பற்றிப் பேச வேண்டிய இடம் சட்டமன்றத்துக்கு முன்னால் வார்டுதான். வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் இத்தகைய சிறிய, அன்றாடத் தேவைகள்தான் முதலில் காணாமல் போகின்றன. அதனால் மனுவாகவே எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு ஆணையரிடம் கொடுங்கள், தொகுதி எம்.எல்.ஏ.விடமும் கொடுங்கள்.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கிராமங்களில் எத்தனையோ வீடுகள் இங்கிருந்து போன பணத்தில் எழுந்தவை. மாடி எத்தனை, கிரானைட் என்ன நிறம் என்று கேட்கும் போன் பேச்சிலேயே, அம்மாவின் அறை கீழேதானே, கழிப்பறைக் கதவு மூன்றடிதானே என்றும் கேளுங்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் மறந்துபோகும். பிளானில் அளவோடு எழுதி வாங்குங்கள். கைப்பிடி வரும் இடத்தைச் சுவரில் சுண்ணாம்பால் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்த வீடுகளில் இருப்பவர்கள் இந்த மாதமே இரண்டு கைப்பிடி, ஒரு நல்ல விளக்கு, ஒரு வெஸ்டர்ன் கோப்பை ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

இப்போது கட்டும் வீடு இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு நிற்கும். இன்று அம்மாவுக்காக வைக்கும் கைப்பிடியை நாளை பிடித்து எழப்போவது அதைக் கட்டியவர்தான். கடைக்கால் தோண்டும் முன் ஒரு நாள் வேலையை நிறுத்தி, வீட்டின் மூத்தவரைப் பிளானுக்கு முன்னால் உட்காரவைத்து, எங்கே உங்களுக்குச் சிரமம் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அந்தப் பிளானைத் திருத்துங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள். நான் ஆசையோடு பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்